கடலோர வீட்டில் இன்டக்ஷன் அடுப்பு: உப்புக்காற்றிலும் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்திலும் கெடாமல் வைத்துக்கொள்வது எப்படி?

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், இராமேஸ்வரம், தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் என்று நம் இராமநாதபுரம் கடலோரத்து வீடுகளிலிருந்து பழுதுக்கு வரும் இன்டக்ஷன் அடுப்புகளைத் திறந்து பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். சமையலால் கெட்டவை கொஞ்சம்தான். காற்றில் வந்த உப்பு, பிளக்கில் ஏறிய சூடு, லைனில் வந்த தாறுமாறான வோல்டேஜ், அடியில் புகுந்த கரப்பான்பூச்சி என இந்த நான்கில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். அடுப்போடு வரும் கையேட்டில் இதெல்லாம் ஓரிரு வரிதான் இருக்கும். அது எந்த ஊர்ச் சமையலறைக்கும் பொதுவாக எழுதியது. நம் ஊருக்கு அது போதாது.

அதனால் இந்த வழிகாட்டி பாத்திரத்திலிருந்து தொடங்காமல் சுவரில் உள்ள பிளக் பாயின்ட்டிலிருந்து தொடங்குகிறது.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த அடுப்பு?

கண்ணாடி மேல்பரப்பு உள்ளதெல்லாம் இன்டக்ஷன் இல்லை. இன்டக்ஷனில் கண்ணாடிக்கு அடியில் செம்புக் காயில் (வட்டமாகச் சுற்றிய கம்பிச் சுருள்) இருக்கும். அதில் வினாடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் திசை மாறும் மின்சாரம் ஓடும். அந்தக் காந்தப்புலத்தால் பாத்திரத்தின் அடிப்பாகம் தானே சூடாகும். கண்ணாடிக்கு வரும் சூடு பாத்திரத்திலிருந்து திரும்பி வருவது.

இன்ஃப்ராரெட் அடுப்பு வேறு. கண்ணாடிக்கு அடியில் கம்பி செக்கச்செவேல் என்று எரியும். எந்தப் பாத்திரமும் வைக்கலாம் என்பது அதன் வசதி. அணைத்த பிறகும் வெகுநேரம் கையைச் சுடும் என்பது அதன் ஆபத்து. சிறு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதை யோசித்து வாங்குங்கள்.

மூன்றாவது, பழைய காயில் அடுப்பு. வெள்ளைப் பீங்கான் தட்டில் சுருள் கம்பி வெளியே தெரிய இருக்குமே, அது. வாடகை வீடுகளிலும் விடுதி அறைகளிலும் இன்னும் கண்ணில் படுகிறது. அந்தக் கம்பியில் மின்சாரம் நேரடியாக ஓடுகிறது. பொங்கிய உப்புத்தண்ணீர் அதில் பட்டு, பாத்திரத்தை ஈரக்கையால் தொட்டால் ஷாக் அடிக்கும். கடலோர ஈரத்தில் இதைப் பாதுகாப்பாகப் பயன்படுத்த வழி சொல்லச் சொன்னால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பயன்படுத்தாதீர்கள்.

இனி சொல்வது முக்கியமாக இன்டக்ஷனுக்கு. பெரும்பாலானவை இன்ஃப்ராரெட்டுக்கும் பொருந்தும்.

பிளக் பாயின்ட்: அடுப்பை வாங்கும் முன் பார்க்க வேண்டியது

2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் முழு வேகத்தில் ஓடும்போது கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். மிக்சிக்கும் செல்போன் சார்ஜருக்கும் உள்ள சின்ன பிளக் பாயின்ட் 6 ஆம்பியர் வரைதான் தாங்கும். ஆகவே இந்த அடுப்புக்கு 16 ஆம்பியர் பெரிய பிளக் பாயின்ட் தேவை. ஃபிரிட்ஜுக்கும் கீசருக்கும் வைப்பார்களே, அதே பெரிய துளை மூன்று உள்ளது. அதற்கு மெயின் போர்டிலிருந்து தனி ஒயர் வர வேண்டும். குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், தூரம் அதிகமானால் 4. அதற்கென்று தனி எம்.சி.பி.யும் (அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தானே விழுந்து லைனை வெட்டும் சுவிட்ச்) இருந்தால் நல்லது.

சில அடுப்புகளில் கம்பெனியே சின்ன பிளக் போட்டுத் தருகிறது. 1200 வாட் அடுப்பு என்றால் சுமார் 5.2 ஆம்பியர்தான், நல்ல புது சாக்கெட்டில் ஓடும். ஆனால் நம் வீடுகளில் சாக்கெட் எங்கே புதிதாக இருக்கிறது? ஜன்னல் கம்பியைத் தின்னும் அதே உப்புக்காற்று சாக்கெட்டின் பித்தளை நாக்குகளையும் விடுவதில்லை. பித்தளையில் பச்சைக் களிம்பு பூத்ததும் பிளக் முள்ளுக்கும் நாக்குக்கும் இடையே தொடுகை கெடும். தொடுகை கெட்ட இடத்தில் சூடு ஏறும். சூட்டில் நாக்கின் பிடி தளரும், தளர்ந்தால் இன்னும் சூடு. கடைசியில் பிளாஸ்டிக் பழுப்பாகி உருகும். சுவிட்ச் போர்டு எரிந்த வீடுகளில் பெரும்பாலும் கதை இதுதான்.

இதைக் கண்டுபிடிக்க மீட்டர் எதுவும் வேண்டாம். கால் மணி நேரம் சமைத்த பிறகு அடுப்பை அணையுங்கள். ஃபேன் நின்றதும் சுவர் சுவிட்சையும் அணைத்து, பிளக்கைக் கழற்றி அதன் முள்ளை உடனே தொடாமல் பிளாஸ்டிக் பகுதியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் அன்றே சாக்கெட்டை மாற்றுங்கள். சாக்கெட்டோடு பிளக்கையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் கெட்டுப்போன மற்றது புதியதையும் கெடுத்துவிடும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டவே கூடாது. பெரிய பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் செருகும் மாற்றுப் பின்னும் வேண்டாம். மூன்று முள்ளில் எர்த் முள்ளை வெட்டிவிட்டுச் செருகும் பழக்கம் எங்காவது இருந்தால், அந்த வீட்டில் அடுப்பைத் தொடும் முன் செருப்புப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

எர்த் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கடலோர மண் ஈரமும் உப்புமாக இருப்பதால் எர்த் நன்றாகத்தான் கிடைக்கும் என்று நினைப்போம். மண் அளவில் அது சரி. ஆனால் அதே உப்பு, புதைத்த இரும்புக் குழாயையும் அதில் முறுக்கிய கம்பியையும் அரித்துவிடும். மேலே பார்க்கக் குழாய் இருக்கும், மண்ணுக்குள் அது பொரிந்து போயிருக்கும். வீடு கட்டியபோது போட்ட எர்த் இப்போதும் வேலை செய்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். எலக்ட்ரீஷியன் வரும்போது சாக்கெட்டிலேயே எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். பழைய குழாய் என்றால் குழாயும் கம்பியும் சேரும் நட்டைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எர்த்துக்கு மேல் இன்னொரு காவல் ஆர்.சி.சி.பி. 30 மில்லிஆம்பியர் கசிவுக்கு மேல் போனால் கண்ணிமைக்கும் நேரத்தில் லைனை வெட்டிவிடும். எம்.சி.பி. ஒயரைக் காப்பது, ஆர்.சி.சி.பி. ஆளைக் காப்பது. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அழுத்தியும் விழவில்லை என்றால் உப்பு பிடித்து உள்ளே இறுகியிருக்கலாம், மாற்றிவிடுங்கள். மழைக்காலத்தில் அடிக்கடி விழுகிறதே என்று அதைத் தாண்டி நேர் கனெக்ஷன் கொடுக்கச் சொல்கிறவர்களும் உண்டு. அது விழுவதற்குக் காரணம் எங்கோ கசிகிறது என்பதுதான்.

எங்கே வைப்பது

அடுப்பின் அடியில் அல்லது பக்கவாட்டில் காற்றை இழுக்கும் துளை இருக்கும். பின்பக்கம் சூடான காற்று வெளியேறும். உள்ளே ஒரு சின்ன ஃபேன் இந்தக் காற்றை மின்சுற்றுப் பலகைக்கு மேல் தள்ளுகிறது. பலகையில் உள்ள ஐ.ஜி.பி.டி. என்ற பாகம்தான் காயிலுக்கு மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. அது ஒரு அலுமினியத் தகட்டில் திருகப்பட்டிருக்கும். அந்தத் தகடு குளிராவிட்டால் அடுப்பு அவ்வளவுதான். எனவே பின்பக்கமும் பக்கவாட்டிலும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். அடியில் எதையும் விரிக்காதீர்கள்.

கீழக்கரையில் ஒரு வீட்டில், அடுப்பு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அணைகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள்.

"லாத்தா, அடுப்புக்கு அடியில் என்ன விரிச்சிருக்கீங்க?"

"பேப்பர்தான் தம்பி. கவுச்சி பட்டா எடுத்துப் போட்டுட்டு வேற விரிச்சுக்கலாம்னு."

அடுப்பைத் தூக்கிப் பார்த்தால் செய்தித்தாள் துளையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஃபேன் அதை இழுத்துப் பிடித்து, காற்று வரும் வழியைத் தானே அடைத்துக்கொண்டிருக்கிறது. தாளை எடுத்ததும் கோளாறு போய்விட்டது. துணி, பிளாஸ்டிக் விரிப்பு, ரப்பர் மேட் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். வெறும் கல் அல்லது டைல்ஸ் மேடையில் அடுப்பின் நான்கு காலும் நிற்கட்டும். இரும்பு மேஜை மேல் வைக்காதீர்கள்.

கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேராக வைக்க வேண்டாம். தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் இருப்பவர்களுக்குக் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் உப்போடு பொடி மணலும் வரும். வடகடல் (பாக் நீரிணை) பக்கம் வாடைக்காற்றுக் காலத்தில் ஈரம் சேர்ந்து வரும். உப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாக நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். அடைமழையில் உப்புச் சாடி நீர்த்துப் போவது அதனால்தான். மின்சுற்றுப் பலகையில் படிந்த உப்பும் அதேபோல நீர்க்கும். நீர்த்த உப்பில் மின்சாரம் ஓடும். பட்டனைத் தொடாமலே அடுப்பு தானாக எண்களை மாற்றிக்கொண்டு "பேய் பிடித்தது" போல் நடப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

கேஸ் அடுப்புக்கு ஒட்டியும் வைக்காதீர்கள். கேஸில் சீலா மீனோ பாறையோ பொரிக்கும்போது எழும் எண்ணெய்ப் புகையைப் பக்கத்தில் ஓடும் இன்டக்ஷன் ஃபேன் உள்ளே இழுத்துக்கொள்ளும். இப்படி ஓராண்டு ஓடிய அடுப்பைத் திறந்தால், ஃபேன் இறக்கைகளில் எண்ணெயும் தூசும் உப்பும் குழைந்து பழுப்பு நிறத்தில் தடிமனாக ஒரு படலம் இருக்கும். விரலால் வழித்தால் பிசுபிசுவென்று சுருண்டு வரும். அலுமினியத் தகட்டின் இடுக்குகளிலும் அதுதான். ஈயம் வைத்த இடங்களில் பச்சை பூத்திருக்கும். அந்த ஃபேன் சுற்றினாலும் காற்று போகாது.

பாத்திரம்

ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை எடுத்துப் பாத்திரத்தின் அடியில் நடுவில் வையுங்கள். அழுத்தமாக ஒட்டினால் ஓடும். அலுமினியம், செம்பு, பித்தளை, மண்சட்டி ஓடாது. எவர்சில்வரிலும் எல்லாம் ஓடாது, காந்தம் ஒட்டுவது மட்டும்தான். அடி சமமாக, குறைந்தது 12 சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டும்.

சமமான அடி என்பதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. கண்ணாடிக்குக் கீழே நடுவில் சூட்டை அளக்கும் ஒரு சென்சார் ஒட்டியிருக்கும். பாத்திரத்தின் அடி மேல்நோக்கி வளைந்திருந்தால் நடுவில் காற்று இடைவெளி விழும். உள்ளே எண்ணெய் புகையும் அளவுக்குப் போயிருக்கும், சென்சார் மட்டும் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும். "ஃப்ரை" பட்டனை நம்பி எண்ணெயை வைத்துவிட்டு வாசலில் மீன்காரரோடு பேசப் போகிற ஆளுக்கு இது ஆபத்து. பாத்திரத்தைத் தரையில் வைத்து ஒரு ஓரத்தை அழுத்துங்கள். ஆடினால், அது இன்டக்ஷனுக்கு ஆகாது.

மண்சட்டி மீன் குழம்பை விட மனமில்லாதவர்கள் அதை கேஸிலேயே வையுங்கள். சட்டிக்கு அடியில் வைக்கும் இரும்புத் தட்டு கடைகளில் கிடைக்கிறது, அதை வைத்து இன்டக்ஷனில் மண்சட்டி ஏற்றலாம் என்பார்கள். தட்டு தாங்க முடியாத சூட்டுக்குப் போய் அந்தச் சூட்டைக் கண்ணாடிக்கும் சென்சாருக்கும் திருப்பி அனுப்பும். எனக்கு இதில் உடன்பாடில்லை. இன்டக்ஷனில் புளிக்குழம்பு வைக்க அடிகனத்த எவர்சில்வர் சட்டி போதும். வார்ப்பிரும்பில் புளி வைத்தால் குழம்பு கறுத்து இரும்பு வாடை வரும்.

தோசைக்கல் வார்ப்பிரும்பு என்றால் இன்டக்ஷனுக்கு மிக நல்லது. ஆனால் குளிர்ந்த கல்லை எடுத்ததும் 1800 வாட்டில் வைக்காதீர்கள். நடுப்பகுதி மட்டும் சட்டென்று சூடேறி ஓரம் குளிர்ந்திருந்தால் கல் வளையும், சில சமயம் விரிசலும் விடும். 400 அல்லது 600-ல் இரண்டு மூன்று நிமிடம் விட்டுப் பிறகு ஏற்றுங்கள். நான்ஸ்டிக் தவாவுக்கு இன்னும் கவனம் வேண்டும். வெறும் தவா ஓரிரு நிமிடத்திலேயே பூச்சு கெடும் சூட்டுக்குப் போய்விடும். அந்தப் பூச்சு 260 டிகிரிக்கு மேல் கெடத் தொடங்கும். மாவோ எண்ணெயோ கையில் தயாராக இருக்கும்போது மட்டும் அடுப்பைப் போடுங்கள்.

தொதல் என்னும் இனிப்பைக் கிண்டுவது, பெரிய அண்டாவில் பிரியாணி போன்ற வேலைகளை இதில் எடுக்காதீர்கள். மணிக்கணக்கில் கிண்ட வேண்டிய தொதலுக்குச் சட்டி ஆடாமல் நிற்க வேண்டும். கண்ணாடி மேல் அது நிற்காது. தேய்த்துக்கொண்டே இருந்தால் கீறல்தான் மிச்சம். பல அடுப்புகள் இரண்டு மணி நேரம் பட்டன் தொடாமல் இருந்தால் தானாக அணைந்தும் போகும். கருப்பட்டிப் பாகு சிந்தினால் அது வேறு தலைவலி. பிறகு சொல்கிறேன்.

சமைக்கும்போது

புது அடுப்பா? முதல் நாள் ஒரு லிட்டர் தண்ணீரை மூடிவைத்து 1500 வாட்டில் கொதிக்க விடுங்கள். நாலைந்து நிமிடத்தில் கொதிக்க வேண்டும். எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே பாத்திரம், அதே தண்ணீர், ஏழெட்டு நிமிடம் ஆனால் ஒன்று உங்கள் லைனில் வோல்டேஜ் குறைந்திருக்கிறது, அல்லது உள்ளே காற்று போகாமல் அடுப்பு தன்னைத்தானே குறைத்துக்கொள்கிறது. பழுது வரப்போகிறது என்பதை முன்கூட்டியே சொல்லும் மலிவான சோதனை இது.

பாத்திரத்தை வைத்த பிறகு அடுப்பைப் போடுங்கள், அணைத்த பிறகு எடுங்கள். பாத்திரத்தின் அடியைத் துடைத்துவிட்டு வையுங்கள். இங்கே போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. அந்தத் தண்ணீரில் கழுவி ஈரத்தோடு வைத்தால் காய்ந்த இடத்தில் வெள்ளை வளையம் விழும். நாளாக நாளாக அது கண்ணாடியோடு இறுகிவிடும். அடியில் ஒரு பொடி மணல் ஒட்டியிருந்தாலும் கண்ணாடியைக் கீறும்.

சமையல் உப்பைத் தண்ணீர் கொதித்த பிறகு போடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் போட்டால் அடியில் தங்கி எவர்சில்வரில் சின்னச் சின்னப் புள்ளிக் குழி விழும்.

குக்கரில் பருப்பும் தண்ணீரும் சேர்ந்து பாதிக்கு மேல் போகக் கூடாது. விசிலோடு வழியும் தண்ணீர் கண்ணாடி ஓரமாக இறங்கி, பட்டன் பலகைக்குள் போகும். புளியும் உப்பும் கலந்த குழம்பு பொங்கினால் இன்னும் மோசம். பொங்கிவிட்டதா? அடுப்பை அணைத்து, சுவர் சுவிட்சையும் அணைத்துவிட்டு, பிடிதுணியால் பாத்திரத்தை எடுத்து, பிறகுதான் துடைக்க வேண்டும். ஓடுகிற அடுப்பில் ஈரத்துணி வேண்டாம்.

கரண்டி, மூடி, கத்தியைக் கண்ணாடி மேல் வைக்காதீர்கள். பாத்திரத்தின் கீழ் ஓரத்துக்கு மோதிரம் போட்ட விரலைக் கொண்டுபோக வேண்டாம். வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் வைத்திருந்தால் ஓடும் அடுப்பிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணெய் தீப்பிடித்தால் சுவிட்சை அணைத்து மூடியால் மூடுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது, சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது.

அப்புறம், அணைக்கும் முறை. பலரும் சமையல் முடிந்ததும் நேராகச் சுவர் சுவிட்சை அணைத்துவிடுகிறார்கள். அடுப்பின் பட்டனை அணைத்த பிறகும் ஃபேன் ஓரிரு நிமிடம் ஓடும். உள்ளே தேங்கிய சூட்டை வெளியேற்றத்தான் அந்த ஓட்டம். அதை நடுவில் நிறுத்தினால் ஐ.ஜி.பி.டி. அந்தச் சூட்டிலேயே வேகும். ஃபேன் நிற்கட்டும், பிறகு சுவரில் அணையுங்கள்.

கரன்ட் விளையாட்டு

கரன்ட் போனால் அடுப்பின் சுவர் சுவிட்சை உடனே அணைத்துவிடுங்கள். திரும்பி வரும் முதல் நிமிடத்தில் வோல்டேஜ் ஏறியும் இறங்கியும் வரலாம். பல்பும் ஃபேனும் ஒரே சீராக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

லோ வோல்டேஜில் பெரும்பாலான அடுப்புகள் ஏதோ ஒரு எர்ரர் காட்டி நின்றுவிடும். அது பழுதல்ல, தற்காப்பு. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். டிவிக்கு வைத்திருக்கும் ஸ்டெபிலைசரில் மாட்டினால் முதலில் போவது ஸ்டெபிலைசர். வீட்டு இன்வெர்ட்டரும் இதற்குத் தாங்காது.

இன்னொன்று இருக்கிறது, இதைத்தான் நான் அதிகம் பயப்படுவேன். தெருவுக்கு வருவது மூன்று பேஸ், அவற்றுக்குப் பொதுவாக ஒரு நியூட்ரல். கம்பத்தில் அந்த நியூட்ரல் இணைப்பு உப்பரித்து அறுந்துபோனால், 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 300, சில சமயம் 400-ஐ நெருங்கும் அளவுக்கும் வோல்டேஜ் ஏறும். பல்பு திடீரென்று பளீரென்று எரியும், ஃபேன் பறக்கும், பக்கத்து வீட்டில் பல்பு மங்கும். அப்போது யோசிக்காமல் மெயினை அணையுங்கள். பிறகு மின்வாரிய அலுவலகத்துக்கோ மின்னகம் எண் 94987 94987-க்கோ சொல்லுங்கள். அடுப்புக்குள் மின்னழுத்தத்தைத் தாங்கும் வேரிஸ்டர் என்ற சின்ன வில்லை இருக்கும். அது வெடித்து ஃபியூஸும் போயிருந்தால், அவ்வளவோடு தப்பித்தது என்று அர்த்தம். செலவும் குறைவு.

ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் சுவிட்சை அணைப்பது போதாது. பிளக்கையே கழற்றுங்கள்.

துடைப்பது, மூடுவது, பூச்சி

ஆறிய கண்ணாடியை நன்றாகப் பிழிந்த துணியால் துடையுங்கள். காவிரித் தண்ணீர் வருகிற வீடு என்றால் அதிலேயே நனையுங்கள், போர் தண்ணீர் வேண்டாம். வெள்ளை உப்புப் படிவுக்கு எலுமிச்சைச் சாறு தடவிச் சற்று நேரம் ஊறவிட்டுத் துடைத்தால் போதும். கம்பி நார், சாம்பல், மணல் எதுவும் வேண்டாம். சர்க்கரை அல்லது கருப்பட்டிப் பாகு சிந்தினால் மட்டும் விதிவிலக்கு. அது முழுக்க ஆறி இறுகினால் கண்ணாடியோடு பிடித்துக்கொள்ளும், பெயர்க்கும்போது கண்ணாடியும் சேர்ந்து பெயரும். சுவிட்சை அணைத்துவிட்டு, இளஞ்சூடாக இருக்கும்போதே மரக்கரண்டியால் வழித்துவிடுங்கள்.

வாரம் ஒருமுறை பிளக்கைக் கழற்றி அடுப்பைக் கவிழ்த்து, துளைகளை உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஈரத்துணி அங்கே போகக் கூடாது.

இரவில் அடுப்பு வெதுவெதுப்பாக இருக்கும். மீன் வாடையும் உண்டு. கரப்பானுக்கும் எறும்புக்கும் பல்லிக்கும் இதைவிட வேறென்ன வேண்டும்? பலகையில் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு பல்லி படுத்தால் ஷார்ட் ஆகிவிடும். சமையல் முடித்ததும் மேடையைத் துடைத்து, ஆறிய அடுப்பைப் பருத்தித் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், அது உள்ளே ஈரத்தைப் பூட்டி வைக்கும். பூச்சி மருந்தை அடுப்பின் துளைக்குள் அடிக்காதீர்கள்.

இங்கே அடுப்பை எடுத்து வைத்து அழகு பார்ப்பதைவிடத் தினமும் ஓட்டுவதுதான் நல்லது. ஓடும் சூட்டில் உள்ளே ஈரம் தங்காது. வெளியூர் போய் மாதக்கணக்கில் பூட்டிய வீட்டில் இருந்த அடுப்பு என்றால், வந்ததும் போடாதீர்கள். அரை நாள் மின்விசிறிக் காற்றில் வையுங்கள். பிறகு தண்ணீர் வைத்துக் குறைந்த வாட்டில் ஓட்டிப் பாருங்கள்.

தண்ணீர் ஏறிவிட்டால்

2024 நவம்பர் 20 அன்று பாம்பன், இராமேஸ்வரம் பக்கம் கொட்டிய மழையை மறந்திருக்க மாட்டீர்கள். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிய செய்தி வந்தாலே அடுப்பைக் கழற்றிப் பரண் மேல் ஏற்றிவிடுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் மெயினை அணைக்காமல் எந்தப் பிளக்கையும் தொடாதீர்கள். சுவிட்ச் போர்டே தண்ணீருக்குள் இருந்தால் அதன் பக்கமே போக வேண்டாம், வாரியத்துக்குச் சொல்லி வெளியே லைனை நிறுத்தச் செய்யுங்கள்.

நனைந்த அடுப்பு வெயிலில் காய்ந்துவிட்டது என்று போட்டுப் பார்க்கக் கூடாது. தண்ணீர் காயும், உப்பு காயாது. மெக்கானிக் பலகையைக் கழற்றி நல்ல தண்ணீரால், பிறகு அதற்குரிய திரவத்தால் கழுவி உலர்த்த வேண்டும்.

எப்போது நிறுத்த வேண்டும்

கண்ணாடியில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் அடுப்பை நிறுத்திப் பிளக்கைக் கழற்றுங்கள். விரிசல் வழியே ஒரு கரண்டி ரசம் இறங்கினால் போதும், அந்தப் பக்கம் மின்சாரம் இருக்கிறது. டேப் ஒட்டிச் சமாளிக்கும் வேலை இதில்லை. தொட்டால் லேசாகச் சுருக்கென்று இழுப்பது, பிளாஸ்டிக் கருகும் வாடை, ஃபேன் சுற்றாமல் அல்லது கரகரவென்று சத்தத்தோடு சுற்றுவது, எம்.சி.பி. திரும்பத் திரும்ப விழுவது ஆகியவையும் அப்படியே.

எர்ரர் எண்களுக்குக் கம்பெனிக்குக் கம்பெனி அர்த்தம் மாறும். ஆகவே கையேட்டின் அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து செல்போனில் வைத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கிடம் "ஓடல" என்று மட்டும் சொல்லாமல் எந்த எண் வந்தது, எவ்வளவு நேரம் ஓடிய பிறகு வந்தது, அன்று மற்ற லைட்டுகள் எப்படி எரிந்தன என்று சொன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி. வீட்டில் நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

பலகையைப் பழுது பார்த்தோ மாற்றியோ தரும்போது மெக்கானிக்கிடம் ஒன்று கேளுங்கள்: பலகையைச் சுத்தம் செய்து, சென்சாரும் கனெக்டர்களும் தவிர்த்து, மேலே மின்சாரம் கடத்தாத வார்னிஷ் பூசித் தர முடியுமா என்று. கூடவே ஃபேனையும் அலுமினியத் தகட்டையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். நம் ஊர் அடுப்புக்கு அந்தப் பூச்சுக்குக் கொடுக்கும் காசு வீண்போவதில்லை.